ஈறுக்குள்ளே நடக்கிற கூத்து

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை பல் இருக்கும்? ‘ஆ’ காட்டச் சொல்லி எண்ணினால் இருபதுக்குப் பக்கத்தில் வரும். அதே பிள்ளையின் முழுத்தாடை எக்ஸ்ரே எப்போதாவது பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தலையைச் சுற்றி ஒரு கருவி வலம் வந்து எடுக்குமே, பல் மருத்துவர்கள் ‘ஓபிஜி’ என்பார்களே, அந்தப் படம். வெளியே சிரிக்கிற இருபதுக்கு மேலும் கீழும் இன்னொரு கூட்டமே முண்டியடித்துக்கொண்டு நிற்கும். 20 பால் பல், 28 நிரந்தரப் பல், மொத்தம் 48!

அந்தச் சின்ன முகத்தில் 48 பல்லை எங்கே வைப்பது? கிடைத்த சந்திலெல்லாம் செருகி வைத்திருக்கிறது உடம்பு. மேல் கோரைப் பல் மூக்கின் ஓரமாக, கண்குழிக்குச் சற்றுக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. ஆமாம், கண்ணுக்குக் கீழே! கீழ்வரிசைப் புது முன்பற்கள் பால் பல்லின் முதுகுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக ஒளிந்திருக்கின்றன. பால் கடைவாய்ப் பல்லின் விரிந்த வேர்களுக்கு நடுவே அடுத்த பல் கால் மடக்கிப் படுத்திருக்கிறது. முதல் தடவை இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் அரண்டு போவார்கள். எனக்கோ குஷி தாங்கவில்லை. இத்தனை கூட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி சாக்லேட் சப்பிக்கொண்டிருக்கிறதே இந்தக் குழந்தை!

சரி, உள்ளே போவோம். ஆனால் ஆறு வயதிலிருந்து தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். ஆறாவது வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறந்த பிறகு அல்ல, வயிற்றில் உண்டான ஆறாவது வாரம்.

அம்மாவுக்கு மசக்கை வாந்தி நிற்காத அந்த நாட்களிலேயே, கருவின் வாய் என்று சொல்லத்தக்க பள்ளத்தின் ஓரத்தில் மேல்தோல் கொஞ்சம் தடித்துக் கீழே இறங்குகிறது. அதிலிருந்து அங்கங்கே மொட்டு விடுகிறது. மொட்டு தொப்பியாகக் குழிகிறது, தொப்பி மணி வடிவத்துக்கு வளர்கிறது. நாலாம் மாதம் அந்த மணிக்குள் சுண்ணாம்புச் சத்து இறங்கத் தொடங்கிவிடும். வளைகாப்பு நடக்கிற நேரத்தில், வளையல் சத்தத்துக்கு நடுவே, உள்ளே முன்பல்லின் நுனி தயாராகிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த மண்டபத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வேலை செய்வது இரண்டு செல் கோஷ்டிகள். ஒரு கோஷ்டி உள்ளே டென்டினைப் போடுகிறது. இன்னொரு கோஷ்டி அதற்கு மேலே எனாமலைப் போடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றுகொண்டு, தாங்கள் போட்ட சுவரிலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கியே வேலையை முடிக்கின்றன. எனாமல் கோஷ்டி ஒரு நாளில் போடுவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று, நான்கு பங்கு. அவ்வளவுதான். அந்த வேகத்தில் போட்டது மனித உடம்பிலேயே கெட்டியான பொருளாகிறது. ஏறத்தாழ 96 சதவீதம் தாது! வேலை முடிந்ததும் இந்தச் செல்கள், பல் வெளியே தலைகாட்டுவதற்குள் செத்து உதிர்ந்துவிடும். எனாமல் தேய்ந்தால், உடைந்தால் மறுபடி வளராது என்று மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வதற்குக் காரணம் இதுதான். போட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

நாளுக்கு ஒரு பூச்சு என்பதால் ஒவ்வொரு நாளின் வேலையும் நுண்ணோக்கியில் கோடாகத் தெரிகிறது. இதில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்த விஷயம் இருக்கிறது. பால் பல்லை மெல்லிய சீவலாக அறுத்துப் பார்த்தால், மற்றக் கோடுகளை விட அழுத்தமாக, தனியாக ஒரு கோடு ஓடும். அது குழந்தை பிறந்த நாள்! தொப்புள்கொடியில் கிடைத்துக்கொண்டிருந்த சாப்பாடு நின்று, மூச்சு விடவும் பால் குடிக்கவும் உடம்பு திண்டாடிய அந்தச் சமயத்தில் எனாமல் வேலையும் தடுமாறியிருக்கிறது. தடுமாறிய இடம் அப்படியே கல்வெட்டாகிவிட்டது. 1930களில் இதைக் கவனித்து எழுதினார்கள். 1936ல் ஐசக் ஷோர் என்ற பல் ஆய்வாளர் பிறப்புக் கோடு என்று பெயரே வைத்தார். கோட்டுக்கு உள்பக்கம் இருப்பது வயிற்றுக்குள் செய்த எனாமல். வெளிப்பக்கம் இருப்பது தொட்டிலில் செய்த எனாமல். தடயவியல் நிபுணர்கள் இந்தக் கோட்டைத் தேடுவது சோகமான காரணத்துக்காக. அநாதையாகக் கிடைத்த சிசு பிறந்த பிறகு சில நாளாவது உயிரோடு இருந்ததா என்று அது சொல்லும். பிறந்த தேதிச் சான்றிதழை அலமாரியில் தேடித் திண்டாடுகிறோம். பிள்ளை அதை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிகிறது.

இனி வெளியே வருகிற கட்டம். பல் ‘முளைக்கிறது’ என்கிறோம், ஏதோ கீழிருந்து யாரோ முட்டித் தள்ளுகிற மாதிரி. அப்படித்தான் ரொம்ப காலம் அறிவியலும் நம்பியது. வேர் வளர்ந்து நீளும்போது பல் மேலே எழும்புகிறது என்று. அமெரிக்காவில் டொனால்ட் கேஹில், சாண்டி மார்க்ஸ் என்று இரண்டு பேர் இதைச் சோதிக்க நாய்க்குட்டிகளின் தாடையில் கைவைத்தார்கள். முளைக்காத பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கும். அந்தப் பையை எடுத்துவிட்டார்கள். பல் வெளியே வரவே இல்லை. அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? பையை அப்படியே வைத்துவிட்டு, உள்ளே இருந்த பல்லை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் உலோகத்திலும் சிலிகானிலும் செய்த பொம்மைப் பல்லை வைத்துத் தைத்தார்கள். பொம்மைப் பல் முளைத்தது! வேரும் இல்லை, உயிரும் இல்லை, ஈறைக் கிழித்துக்கொண்டு ஜம்மென்று வந்து நின்றது. 1984ல் இந்த முடிவு வெளியானது. ஆக, பல்லுக்கு இதில் கதாநாயகன் வேஷம் கிடையாது. பைதான் ஆள் அனுப்பி மேலே இருக்கிற எலும்பைத் தின்னச் சொல்லி வழி வெட்டுகிறது, கீழே புது எலும்பு நிரப்பச் சொல்கிறது. நாம் பல்லைப் பார்த்துக் கைதட்டுகிறோம்.

இந்த ஏற்றம் பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது என்பது அடுத்த வேடிக்கை. 1990களில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நிரந்தர முன்கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ராத்திரி முழுக்கக் கருவி வைத்துக் கண்காணித்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் நள்ளிரவு வரை பல் மெல்ல மெல்ல மேலே வருகிறது. விடியற்காலையில் நின்றுவிடுகிறது. சில சமயம் துளி பின்வாங்கவும் செய்கிறது. ‘நேத்து ராத்திரி இல்லையே, காலையில பார்த்தா பல்லு!’ என்று வியக்கிற அம்மாக்களுக்கு இது கொஞ்சம் ஆதரவாக இருக்கும்.

வரிசை எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். ஆறு மாதத்தை ஒட்டிக் கீழ் முன்பல் இரண்டு, பிறகு மேலே, பிறகு பக்கத்தில். ஒரு வயதுக்கு மேல் முதல் கடைவாய்ப் பல், கோரைப் பல்லைத் தாண்டிக் குதித்து முந்திக்கொண்டு வரும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் ஆஜர். நாலு மாதத்தில் முளைப்பதும் உண்டு. ஒரு வயது வரை பொக்கை வாயோடு சிரிப்பதும் உண்டு. ஒன்றரை வயதாகியும் ஒன்றுகூட வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டலாம். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. தாய்மாமன்கள் பயப்பட வேண்டாம். பிறக்கும்போதே பல்லோடு பிறக்கிறதுகளும் உண்டு. பிரான்சின் பதினான்காம் லூயி 1638ல் இரண்டு பல்லோடுதான் பிறந்தார். பாவம் அவருக்குப் பால் கொடுத்த செவிலித் தாய்கள்!

பல் முளைக்கிற காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. ஜொள்ளு வடியும், கையில் கிடைத்ததைக் கடிக்கும், ஈறு வீங்கும், நசநசவென்று அழும். அது வரை சரி. நூறு டிகிரிக்கு மேல் நெருப்பாகக் கொதிப்பதற்கும் வயிற்றுப்போக்குக்கும் பல் பொறுப்பேற்காது. கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் குறிப்பெழுதி, அது 2000ல் ஆய்வாக வெளிவந்தது. பல் வந்த நாட்களுக்கும் கடும் காய்ச்சலுக்கும் தொடர்பு காணோம். ஆறு மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, குழந்தை தரையில் கிடந்ததையெல்லாம் வாயில் போடுகிறது, காய்ச்சல் வருகிறது. பழி பல் மேல். இங்கிலாந்தில் 1839ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகளுக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்று அரசாங்கப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்! அங்கேயே பல் முளைக்கும் பிள்ளைகளுக்குப் பாதரசம் கலந்த பொடியைக் கடைகளில் விற்றார்கள். கைகால் சிவந்து உரிந்து பிள்ளைகள் துடித்தன. அது பாதரச விஷம் என்று தெரிந்து, 1954ல்தான் அந்தப் பொடி சந்தையிலிருந்து போனது. எங்கள் பாட்டி கழுவிய விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுவாள். இன்றைக்கும் மருத்துவர்கள் சொல்வது அதைத்தான்.

பல் வந்ததைக் கொண்டாடுவதில் யாழ்ப்பாணத்துக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. பல்லுக் கொழுக்கட்டை! பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்துக் கொழுக்கட்டை பிடித்து, அதன் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி வெட்டிக் குத்துவார்கள். கொழுக்கட்டையே ஈ என்று இளித்துக்கொண்டிருக்கும். குழந்தையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, மாமியும் அம்மம்மாவும் கொழுக்கட்டையைத் தலையில் மெல்லக் கொட்டுவார்கள். அது திருதிருவென்று விழிக்கும். முன்னால் புத்தகம், பேனா, நகை, காசு என்று பரப்பி வைத்திருப்பார்கள். எதைத் தொடுகிறதோ அந்த வழியில் பிள்ளை போகும் என்று ஒரு விளையாட்டு நம்பிக்கை. புத்தகத்தைக் கொஞ்சம் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைக்காத அம்மா யார்? குழந்தை நகர்ந்து போய் எடுப்பது பெரும்பாலும் கொழுக்கட்டையைத்தான். புதுப் பல்லுக்கு வேலை வேண்டாமா?

அப்புறம் கொஞ்ச வருஷம் வெளியே அமைதி. நாலைந்து வயதில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். ‘பல்லு இடைவெளி விட்டுப் போச்சே’ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. கவலைப்பட வேண்டியது சந்து விழாத வாயைப் பார்த்துத்தான். பின்னால் காத்திருக்கிற நாலு மேல் முன்பற்களுக்குப் பால் பற்களை விட மொத்தத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதல் இடம் வேண்டும். தாடை வளர்ந்து இடம் ஒதுக்குகிறது என்பதற்கு அந்தச் சந்துதான் அறிகுறி.

அமைதி வெளியேதான். உள்ளே விருந்து தொடங்கிவிட்டது. எலும்பைக் கரைக்கிற செல்களின் பங்காளி ஒன்று பால் பல்லின் வேரில் போய் ஒட்டிக்கொள்கிறது. பல உட்கருக்கள் கொண்ட பூதம் அது. அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கும், நொதியைச் சுரந்து மிச்சத்தைச் செரிக்கும். கீழ் முன்பல்லின் வேர் முழுசாக உருவாகி முடிவதே ஒன்றரை வயது வாக்கில். நாலு வயதில் அதைத் தின்ன ஆள் வந்துவிடுகிறது! கட்டி முடித்துச் சில வருஷத்தில் இடிக்கிற வேலை. இதில் இன்னொரு சுவாரசியம், பூதம் நடுநடுவே ஓய்வெடுக்கும். அந்த இடைவேளையில் தின்ற இடத்தில் பூச்சு வேலை நடந்து பல் மறுபடி கொஞ்சம் இறுகும். ‘நேத்து ஆடிச்சு, இன்னைக்கு ஆடலையே’ என்று பிள்ளை புகார் சொன்னால் பொய் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே நடந்திருக்கும்.

விழுந்த பல்லை எப்போதாவது பொறுமையாகப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுச் சின்னவளின் கீழ் முன்பல்லை உள்ளங்கையில் வைத்து லென்ஸ் பிடித்துப் பார்த்தேன். அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, பாலில் நீலம் கலந்த மாதிரி. திருப்பினால் அடியில் வேர் என்று ஒன்றும் இல்லை. கிண்ணம் மாதிரி குழிந்து, விளிம்பு மெல்லிசாக, அரித்த ஓரத்தோடு கரகரவென்று இருக்கிறது. குழியின் நடுவே ஒரு செம்புள்ளி. ‘என் பல்லு ஒடஞ்சு போச்சா?’ என்று அவள் கேட்டாள். ஒடியவில்லை, தின்னப்பட்டுவிட்டது என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரி தூங்கமாட்டாள் என்பதால் ‘வேரு உள்ள கரைஞ்சிடும் கண்ணு’ என்று சொல்லி வைத்தேன். வேர் இல்லாததால்தான் நுனி ஈறைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறது. கதவில் நூல் கட்டி இழுக்கிற வீரத்துக்கெல்லாம் அவசியமே இல்லை. நாக்கால் தள்ளும்போதோ ஆப்பிளைக் கடிக்கும்போதோ தானே விழும்.

சில பிள்ளைகளுக்குப் பழசு விழுவதற்குள் புதுசு நாக்குப் பக்கமாக எட்டிப் பார்த்துவிடும். கீழே இரண்டு வரிசை! பெற்றோர் அலறியடித்துக்கொண்டு ஓடுவார்கள். பெரும்பாலும் பழசு விழுந்ததும் நாக்கு புதுசை முன்னே தள்ளி வரிசையில் நிறுத்திவிடும். பழசு ஆடவே இல்லை என்றால்தான் மருத்துவர் கைகொடுக்க வேண்டும். நேரெதிர்க் கதையும் உண்டு. அடியில் புதுப் பல்லே உருவாகாத இடத்தில் பால் பல்லுக்கு விடை கொடுக்க ஆள் இருக்காது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் சிலர் வாயில் ஒரு பால் கடைவாய்ப் பல் ஒன்றும் தெரியாத மாதிரி முறுக்கு மென்றுகொண்டிருக்கும்.

புது முன்பல் வந்ததும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். ‘ஏன் மஞ்சளா இருக்கு? ஒழுங்கா பிரஷ் பண்றதில்லையா?’ பிள்ளையைத் திட்டாதீர்கள். நிரந்தரப் பல்லின் உள்ளே இருக்கிற டென்டின் மஞ்சள். எனாமல் வழியாக அது தெரிகிறது. பக்கத்தில் பால் பல் தும்பைப்பூவாக நிற்பதால் மேலும் மஞ்சளாகத் தோன்றும். ‘ஏன் ரம்பம் மாதிரி இருக்கு?’ என்பது அடுத்தது. விளிம்பில் மூன்று மேடு இருக்கும். கடித்துக் கடித்துச் சில வருஷத்தில் தேய்ந்து சமமாகும். எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நடுவே சந்தோடு நிற்கும். புகைப்படத்தில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற வயது. கண்ணுக்குக் கீழே உட்கார்ந்திருந்ததே கோரைப் பல், அது இறங்கி வருகிற வழியில் பக்கத்துப் பல்லின் வேரை இடிப்பதால் வருகிற கோணல் இது. ஹாலி பிராட்பென்ட் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் 1937ல் இதற்கு ‘அசிங்க வாத்துக்குஞ்சுப் பருவம்’ என்று பெயர் வைத்தார். கோரைப் பல் வந்து நின்றதும் பெரும்பாலும் சந்து தானே மூடும். அந்த வயதில் கம்பி போடச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களிடம் இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே ஒருவர் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறார். ஆறு வயதில் கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், யாருக்கும் சொல்லாமல் நாலு பெரிய பற்கள் வருகின்றன. வாழ்நாள் முழுக்க இட்லி முதல் எலும்பு வரை அரைக்கப் போகிற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள். எதுவும் விழவில்லையே என்பதால் பெற்றோர் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஓட்டை விழுந்தால் ‘விழப்போற பல்லுதானே’ என்று விடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கிற பெரிய அநியாயம் இதுதான். பால் பல்லையே ‘விழப்போறதுதானே’ என்று விடக்கூடாது. பால் கடைவாய்ப் பல் சொத்தையாகி முன்னதாகவே போனால், பின்னால் வந்த பெரிய பல் அந்த இடத்துக்குச் சாய்ந்து அடுத்தவன் வீட்டை ஆக்கிரமித்துவிடும். பிறகு வருகிற பல்லுக்கு நிற்க இடமிருக்காது. ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்குகிற பிள்ளைக்கு மேல் முன்பற்கள் கறுத்துப் போவதும், கீழ்ப் பற்கள் நாக்கின் மறைவில் தப்பிப்பதும் பல் மருத்துவர்கள் தினமும் பார்க்கிற காட்சி.

விழுந்து அடிபட்டால் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பால் பல் வேரோடு பெயர்ந்தால் திரும்பச் செருகக் கூடாது, அடியில் இருக்கிற புதுசு கெட்டுவிடும். நிரந்தரப் பல் பெயர்ந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓட வேண்டும். பிழைக்க வாய்ப்புண்டு.

பின்னறையில் நடப்பது எத்தனை வருஷம் கழித்து மேடைக்கு வருகிறது என்பதற்குத் தர்மபுரிப் பக்கம் போனால் சாட்சி கிடைக்கும். நிரந்தர முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதத்தில் தொடங்கி நாலைந்து வயது வரை தாடைக்குள் உருவாகிறது. அந்த வயதில் ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்த பிள்ளைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஏழு வயதில் பல் வெளியே வரும்போது சுண்ணாம்புத் திட்டோடும் பழுப்புக் கறையோடும் வருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோன கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. 2013ல் அது தொடங்கியது. குழாயில் வந்த தண்ணீர் பல்லில் தெரிய அத்தனை வருஷம் ஆகும்.

விழுந்த பல்லை என்ன செய்வது? நம் ஊரில் சாணி உருண்டைக்குள் பொதித்துக் கூரை மேல் எறிவோம். கூரை போய் அடுக்குமாடி வந்த பிறகு நாலாம் மாடிக்காரர் ஐந்தாம் மாடிக்காரர் பால்கனியில்தான் எறிய வேண்டும். ஜப்பானில் கீழ்ப் பல்லைக் கூரைக்கும் மேல் பல்லை வீட்டு அடித்தளத்துக்கும் எறிவார்கள், புதுசு அந்தத் திசையில் நேராக வளரட்டும் என்று. ஸ்பெயினில் பல்லை எடுத்துப் போகிறவர் பெரெஸ் என்ற எலி. எட்டு வயது அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்குப் பல் விழுந்தபோது, 1894ல் லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் அவருக்காக எலிக் கதை எழுதிக் கொடுத்தார். அரசனாக இருந்தாலும் பல் விழுந்தால் அழுகைதானே! மாட்ரிடில் அந்த எலி வசித்த தெருவில் பலகைகூட வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கதை. 1950களில் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டை வெடித்து வெடித்துப் பார்த்தன. அதில் வந்த ஸ்ட்ரான்சியம்-90 மழையோடு புல்லில் இறங்கி, பசுவில் ஏறி, பாலில் கலந்தது. உடம்பு அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவிடும். எலும்பை எடுத்துச் சோதிக்க முடியாது. பால் பல்லோ தானாக விழுகிறது! 1958ல் பால் பல்லை உலகெங்கும் சேகரிக்கலாமே என்று ஹெர்மன் கால்கர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்த ஆண்டே மருத்துவர் லூயிஸ் ரைஸ் தலைமையில் செயின்ட் லூயிஸில் வேலை தொடங்கியது. பள்ளிகள், நூலகங்கள், பல் மருத்துவமனைகள் வழியாகப் படிவங்கள் போயின. பிள்ளைகள் பல்லை உறையில் போட்டு அனுப்பினார்கள். பதிலுக்கு ஒரு பொத்தான் பேட்ஜ், ஓட்டைப் பல் காட்டிச் சிரிக்கிற பையன் படத்தோடு, ‘என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்’ என்று. 1970க்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் பல் சேர்ந்தது! 1961ல் முதல் முடிவுகள் வந்தன. 1950ல் பிறந்த பிள்ளைகளின் பல்லை விட 1963ல் பிறந்தவர்கள் பல்லில் ஸ்ட்ரான்சியம் ஐம்பது மடங்கு. வானத்தில் அணு வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1963 ஆகஸ்டில் கையெழுத்தானதற்குப் பின்னால் இருந்த பொதுமக்கள் கோபத்தில் இந்தப் பற்களுக்கும் பங்குண்டு. மிச்சப் பற்கள் பிறகு மறந்தே போயின. 2001ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பழைய ஆயுதக் கிடங்கு ஒன்றைத் திறந்தால் உள்ளே 85,000 பால் பல், ஒவ்வொன்றும் உறையோடு, பிள்ளையின் விவர அட்டையோடு!

கிட்டத்தட்ட அதே சமயத்தில் இன்னொரு கூத்து. சாங்டாவ் ஷி என்ற அமெரிக்க ஆய்வாளர், தன் ஆறு வயது மகளின் விழுந்த பல்லைத் திருப்பிப் பார்த்தார். குழியில் இருந்த அந்தச் செம்புள்ளி அவர் கண்ணில் பட்டது. ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அதில் உயிருள்ள ஸ்டெம் செல்கள் இருந்தன. 2003ல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு பால் பல்லை உறையவைத்துப் பாதுகாக்கப் பணம் வாங்குகிற நிறுவனங்கள் முளைத்துவிட்டன. விளம்பரம் சொல்கிற அளவுக்கு அந்தச் செல்களால் ஆகிற சிகிச்சை இன்னும் கைக்கு வரவில்லை. என் வீட்டுப் பல் சாணியோடு கூரைக்குத்தான் போனது.

மனுஷனுக்கு இரண்டே செட் என்பது கொஞ்சம் கஞ்சத்தனமாகப் படுகிறதா? சுறாவுக்கு வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். யானைக்குக் கடைவாய்ப் பல் ஆறு செட், பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வந்து ஒவ்வொன்றாக உதிரும். ஆறாவதும் தேய்ந்தால் கிழட்டு யானைக்கு மெல்லப் பல் இல்லை. கினிப்பன்றிக் குட்டியோ பால் பல்லைத் தாய் வயிற்றிலேயே உதிர்த்துவிட்டுப் பிறக்கிறது. நமக்கும் மூன்றாவது செட் முளைக்க வைக்கலாமா என்று ஜப்பானில் கியோட்டோவில் 2024ல் மனிதர்களிடம் மருந்துச் சோதனை தொடங்கியிருக்கிறார்கள்.

அதுவரை இருப்பது இதுதான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதில் கடைசிப் பால் கடைவாய்ப் பல் விழும். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே. முதல் பல் விழுந்தபோது தெருவுக்கே காட்டிய பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பு. பரோட்டா சாப்பிடும்போது எதோ கடிபட்டது, எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடரும். அம்மாவுக்கே தட்டைக் கழுவும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் பின்னால் இரண்டாம் பெரிய கடைவாய்ப் பல் ஈறை விலக்கிக்கொண்டிருக்கும். அதற்கும் பின்னால், தாடை மூலையில், ஞானப் பல்லுக்கு எனாமல் போடுகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்.